அவ, அவங்க, அவிய: இணையவழித் தமிழ் கற்பித்தல் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழைப் 'பரப்புவது' பற்றி நம்மிடையே பேச்சுக்குக் குறைவில்லை. தமிழைக் கற்பிப்பது பற்றித்தான் பேச்சே இல்லை. பரப்புவது பக்தர்களின் வேலை. கற்பிப்பதோ, எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் தமிழ் நடத்தினேன். என் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தமிழ் பேசத் தெரியும். எனவே நான் ஒருநாளும் தமிழ் கற்பித்ததில்லை. தமிழைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். ஓய்வு பெற்றபின், 2020 ஊரடங்கின்போது, ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பெண் ஒருத்திக்கு இணையம் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்க நேர்ந்தபோதுதான் இந்த விஷயம் எனக்கு உறைத்தது.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஜெர்மன் முதல் மொழி, ஆங்கிலம் அடுத்தது. தமிழ், வீட்டில் காதில் விழுந்துகொண்டிருந்த மொழி. கொஞ்சம் புரியும், பேச வராது, வாசிக்கவும் வராது. திருக்குறள் படிக்கும் ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்களோடு இருக்கும் அம்மம்மாவுடன் கதைக்க வேண்டும் என்பதுதான் தேவை. அம்மம்மாவுக்கு ஜெர்மன் வராது. வயதும் ஆகிவிட்டது.

அந்த வகுப்புகளை முன்வைத்து, இணையத்தில் தமிழ் கற்க வரும் ஒருவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமல் போகிறது என்பதை இங்கே பேச விரும்புகிறேன். இயந்திரத்தைக் குறை சொல்வது நோக்கமல்ல. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அதில் எனக்கும் பங்குண்டு.

2

இணையத்தில் தமிழ் இல்லை என்ற புலம்பல் இனிச் செல்லாது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. 1999இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதில் அறிவிக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இல் வந்தது. 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் ஃபப்ரீசியஸ், வின்ஸ்லோ அகராதிகளும் இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கி, திறந்தால் வெறும் பூச்சிகளாகத் தெரிந்த காலம் ஒருங்குறி பரவியதும் ஒழிந்தது. பொருள் குவிந்து கிடக்கிறது.

2018இல் டுவோலிங்கோ செயலியில் கிளிங்கன் மொழிக்குப் பாடம் வந்தது. ஸ்டார் ட்ரெக் படத்துக்காகச் செயற்கையாக உருவாக்கப்பட்ட மொழி அது. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு அப்போது அங்கே பாடம் இல்லை. நண்பர்கள் சிலர் கொதித்தார்கள். கொதிப்பு நியாயம்தான். ஆனால், தமிழுக்குப் பாடம் போடச் சொல்லி நம்மிடமே விட்டிருந்தால் எந்தத் தமிழைப் போட்டிருப்போம் என்று அப்போது யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நாம் எதைப் போடுவோம் என்பதற்கு ஏற்கெனவே சான்று இருக்கிறது. தமிழ் கற்பிக்கும் தளங்களில் பெரும்பாலானவை 'அ - அம்மா, ஆ - ஆடு' என்றுதான் தொடங்குகின்றன. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 எழுத்தையும் முடித்துவிட்டு வா, பிறகு பேசலாம். இது ஐந்து வயதுத் தமிழ்க் குழந்தைக்கான அரிச்சுவடி. அந்தக் குழந்தைக்கு 'அம்மா' என்ற சொல் முன்பே தெரியும். 'அம்மா என்ன அடிச்சுட்டா' என்று முழு வாக்கியமே வரும். தெரிந்த பேச்சுக்கு எழுத்து மாட்டிவிடுவதே அரிச்சுவடியின் வேலை. பேச்சே வராத பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அதே அரிச்சுவடியை நீட்டினால், மூன்று மாதத்தில் அவள் 'ஙௌ' எழுதுவாள். சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியாது.

ஏன் இப்படி? 'தாய்மொழி' என்ற சொல்லாடல்தான் காரணம் என்று தோன்றுகிறது. தமிழருக்குப் பிறந்தவளுக்குத் தமிழ் தாய்மொழி. அது ரத்தத்தில் இருக்கிறது. தூண்டிவிட்டால் போதும், தானாக வரும். இந்த நம்பிக்கை அவளை 'மறந்துபோன தமிழச்சி' ஆக்குகிறதே தவிர, இரண்டாம் மொழி கற்பவளாகப் பார்க்க விடுவதில்லை. இரண்டாம் மொழி என்று ஒப்புக்கொண்டால்தான் அதற்கான பாடத்திட்டம், பயிற்சி, வரிசை என்று யோசிக்க வேண்டி வரும். நாமோ தாயன்பைப் பற்றிக் கவிதை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

3

அரிச்சுவடியைத் தாண்டி வருகிறவளுக்கு அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. பாடம் எழுத்துத் தமிழில் இருக்கிறது. குரல்கள் பேச்சுத் தமிழில் இருக்கின்றன. இரண்டும் இணையத்தில் மலைபோலக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பாலம் கிடையாது.

ஒரு உதாரணம். யூடியூபில் ஏதோ படக்காட்சி. ஒருவர் 'வந்துட்டுப் போய்ட்டாங்க' என்கிறார். அந்தப் பெண் அதைக் காதால் பிடித்து, தப்பில்லாமல் எழுதியும் விடுகிறாள் (எத்தனை பெரிய காரியம்!). எழுதியதை அகராதியில் தேடுகிறாள். இல்லை. 'வந்துட்டு' இல்லை, 'போய்ட்டாங்க' இல்லை. அதை 'வந்துவிட்டுப் போய்விட்டார்கள்' என்று விரித்து, அதிலிருந்து 'வா', 'விடு', 'போ' என்று உரித்தெடுக்கத் தெரிந்தவருக்கே அகராதி கதவைத் திறக்கும். அப்படி உரிக்கத் தெரிந்தவருக்கு அகராதி எதற்கு? தமிழ் தெரிந்தவர்கள் மட்டுமே தமிழ் கற்க முடியும் என்கிற விசித்திரமான நிலைமை இது.

கற்பவருக்குப் புரிகிற, ஆனால் ஒரு படி மேலே இருக்கிற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தால் மொழி தானாகப் படியும் என்று ஸ்டீபன் கிராஷன் 1980களில் வாதிட்டார். இணையவழி மொழிக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: படம் பார், பாட்டுக் கேள், வந்துவிடும். அவர் சொன்னதில் 'புரிகிற' என்ற சொல்லை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். புரியாத பேச்சு ஆயிரம் மணிநேரம் ஓடினாலும் அது மழைச் சத்தம்தான்.

ஒரே சமூகத்தில் மேல்நிலை வழக்கு, கீழ்நிலை வழக்கு என மொழி இரண்டாகப் பிளந்து நிற்பதைச் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் கோட்பாடாக்கினார். அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே, தமிழை வெளியிலிருந்து வந்து கற்ற ஒருவருக்கு இது அனுபவமாகத் தெரிந்திருந்தது. வீரமாமுனிவர் தமிழுக்கு ஒரு இலக்கணம் எழுதவில்லை. கொடுந்தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று எனத் தனித்தனியாக லத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. நாம் நகைச்சுவை இலக்கியமாக ரசிக்கும் பரமார்த்த குருவின் கதையும் தமிழ் கற்கும் பாதிரிமார்களுக்கான வாசிப்புப் பாடமாக அவர் எழுதியதே. அவருடைய நோக்கம் மதம் பரப்புவது என்பது நமக்குத் தெரியும். ஆனால் கற்பவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு இன்னும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் ஒப்புக்கொள்ள மனமில்லை.

பாலம் கட்ட முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் ஷிப்மனும் வாசு ரெங்கநாதனும் 90களின் பிற்பகுதியிலேயே ஒலியோடு கூடிய இணையப் பாடங்களில் இறங்கினார்கள். ஷிப்மனின் பேச்சுத் தமிழ் இலக்கணம் 1999இல் வந்தது. 2009இல் வந்த அவருடைய தமிழ் வினைச்சொல் அகராதி எழுத்து வடிவத்தையும் பேச்சு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தருகிறது. ஆஷரும் இ. அண்ணாமலையும் எழுதிய பேச்சுத் தமிழ்ப் பாடநூல் 2002இல் வெளிவந்தது. சிங்கப்பூரில் 2005இல் அமைந்த பாடத்திட்ட மீளாய்வுக் குழு, பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது. இவற்றில் பெரும்பகுதி நம்முடைய தமிழ்த்துறைகளுக்கு வெளியே நடந்திருக்கிறது என்பது தற்செயல் இல்லை. துறைக்குள்ளே 'வந்துட்டாங்க' என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதிய கையைப் பிடித்து நிறுத்துகிறவர்களில் நானும் ஒருத்தனாக இருந்திருப்பேன்.

4

சரி, பேச்சுத் தமிழைக் கற்பித்துவிட்டால் தீர்ந்ததா? தீர்ந்தது என்றுதான் நானும் நம்பினேன். இந்தப் புத்தகங்களையும் தளங்களையும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பெருமிதத்தோடேயே அவளுக்குப் பேச்சுத் தமிழ் நடத்தத் தொடங்கினேன். எல்லாம் ஒழுங்காகப் போவதுபோலத்தான் இருந்தது. முதல் வாரம் அவள் என்னைச் 'சேர்' என்றாள். 'சேர்னா ஒன்னா சேர்றது. சார்-னு சொல்லணும்' என்று சிரித்துக்கொண்டே திருத்தினேன். அவளும் சிரித்தாள்.

ஒருநாள் வகுப்பு நடுவில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: 'அம்மம்மா நித்திரை கொள்ளுறா.' எனக்கு மகிழ்ச்சி. தானாகச் சொன்ன முழு வாக்கியம். ஆனால் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? 'நித்திரை எல்லாம் இப்ப யாரும் சொல்றதில்லம்மா. தூக்கம். அப்புறம், பெரியவங்கள அவ, இவ-ன்னு சொல்லக்கூடாது. அவங்க-ன்னு மரியாதையா சொல்லணும். அம்மம்மா தூங்குறாங்க. எங்க, சொல்லு.' சொன்னாள். பத்து வாட்டி சொல்ல வைத்தேன்.

அடுத்த வகுப்பில் அவள் பேசவே இல்லை. கேட்டால் ஆங்கிலத்தில் பதில். அதற்கடுத்த வகுப்பும் அப்படியே. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். தொலைபேசியில் அம்மாவிடம், அம்மம்மா பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, 'அம்மம்மா தூங்குறாங்க' என்று சொல்லியிருக்கிறாள். அம்மம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாராம்: 'ஆரடி பிள்ளை தூங்கிறாங்கள்? மரத்திலையோ?' அவருக்குத் தூங்குவது என்றால் தொங்குவது. அது பழந்தமிழில் உள்ள பொருள்தான். தமிழ் வாத்தியாரான எனக்குத் தெரியாததல்ல. அதுவரைக்கும் வேடிக்கை. அம்மம்மாவும் சிரித்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, 'என்னை ஏன் அவங்கள் எண்டு சொல்லுறாய்?' என்று கேட்டிருக்கிறார். அப்போது சிரிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒரு பெண்ணைக் குறிக்க 'அவள்' மரியாதைக் குறைவு, 'அவ' மரியாதை. 'அவ வாறா', 'அவ சொன்னவ' என்பதே பெரியவர்களுக்கு உரியது. பலரை மதிப்போடு சொல்ல 'அவை வருகினம்'. 'அவங்கள் வாறாங்கள்' என்பதோ பொடியன்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் சொல்வது. நான் மரியாதை என்று நினைத்து ஏற்றி அனுப்பியது அந்த வீட்டுக்குள் அவமரியாதையாகப் போய் இறங்கியிருக்கிறது. அந்தப் பெண் தன் காதாலேயே பிடித்து வைத்திருந்த சரியான ஒரு வாக்கியத்தை, தமிழ் கற்பிக்கிறேன் பேர்வழி என்று அவள் வாயிலிருந்து பிடுங்கிப் போட்டேன்.

அவளுடைய பாட்டி பேசும் வாக்கியத்தைத் தப்பு என்று சொல்லும் அதிகாரம் எனக்கு எங்கிருந்து வந்தது? ஒரு தளமும் அப்படித் திருத்தச் சொல்லவில்லை. ஆனால் நான் கண்ட பேச்சுத் தமிழ்ப் பாடங்கள் எல்லாவற்றிலும் 'அவங்க' இருந்தது. எதிலும் மரியாதையான 'அவ' இல்லை. இல்லாத ஒன்று தவறாகிவிடுகிறது. யாரும் தடை போட வேண்டியதில்லை.

5

'தரமான பேச்சுத் தமிழ்' என்று மொழியியலாளர்கள் விவரிப்பது படித்தவர்களின், பிராமணரல்லாதாரின், சினிமாவும் வானொலியும் பரப்பிய, தமிழ்நாட்டுப் பேச்சு. விவரிப்பு என்ற அளவில் அதில் தவறில்லை. ஷிப்மன் போன்றவர்கள் இதை மறைக்கவும் இல்லை. விவரிப்பு பாடமாகி, பாடம் தளமாகி, தளம் உலகம் முழுக்கத் திறக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்பது உதிர்ந்துவிடுகிறது. 'இதுதான் தமிழ் பேசும் முறை' என்பது மட்டும் மிஞ்சுகிறது. செந்தமிழின் மையத்தை உடைக்க வந்த பேச்சுத் தமிழ் இன்னொரு மையமாகி உட்கார்ந்துகொள்கிறது.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். எங்க அம்மா 'அவங்க வந்தாங்க' என்று ஒருநாளும் சொன்னதில்லை; 'அவிய வந்தாவ' என்பாள். படிக்கச் சென்னைக்கு வந்த புதிதில் விடுதியில் நான் 'வந்தாவ' என்றதும் சுற்றிலும் எழுந்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. ஆறு மாதத்தில் அதைத் துடைத்துவிட்டேன். லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மா, 'ஏல, யாரோ மாதிரி பேசுத' என்பாள். அப்படித் துடைத்துக்கொண்டு வந்த ஒருத்தன்தான் நாற்பத்தைந்து வருடம் கழித்து ஜெர்மனியில் இருக்கிற பெண்ணிடம் 'அவங்க-ன்னு சொல்லு' என்று பத்து தரம் சொல்ல வைத்தான். எனக்கு நடந்ததை நானே இன்னொருத்திக்கு நடத்தினேன். அன்று விடுதியில் சிரித்தார்கள். நான் அன்பாகச் செய்தேன், அதுதான் வித்தியாசம்.

இதற்குப் பதிலாக யாழ்ப்பாணத் தமிழைத் தூக்கி மையத்தில் வைத்துவிடலாமா? அதுவும் சிக்கல். மட்டக்களப்பு எங்கே போகும்? மலையகம் எங்கே போகும்? யாழ்ப்பாணத்துக்குள்ளேயே 'அவ' யாருக்குக் கிடைத்தது, 'அவள்' யாருக்கு மிஞ்சியது என்பது சாதி சார்ந்த கேள்வி. யாழ்ப்பாணத் தமிழில் சமூக வேறுபாடுகள் எப்படிப் பதிந்திருக்கின்றன என்பதைச் சுசீந்திரராசா 1970களிலேயே எழுதியிருக்கிறார். எந்தப் பேச்சும் வெறும் பேச்சு இல்லை. யார் யாரை எப்படி அழைக்கலாம் என்ற ஒழுங்கும் அதோடு சேர்ந்தே வருகிறது.

'கற்க வருகிறவருக்குப் பத்து வட்டார வழக்கையும் கொட்டினால் ஓடிவிடுவார். ஏதாவது ஒன்றில் தொடங்கித்தானே ஆகணும்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. ஒன்றில்தான் தொடங்கணும். எந்த ஒன்று என்பதைப் பாடநூல் முடிவு செய்ய வேண்டுமா, கற்பவர் யாரோடு பேசப்போகிறாரோ அவருடைய வாய் முடிவு செய்ய வேண்டுமா என்பதுதான் விஷயம். அச்சுப் புத்தகத்துக்கு வேறு வழியில்லை. நூறு பக்கத்துக்குள் ஒரு பேச்சைத்தான் அடைக்க முடியும். இணையத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரே வினைச்சொல்லின் கீழே திருநெல்வேலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கோவை என்று நாலு குரலை வைக்கலாம். கற்பவர் தனக்கு வேண்டிய குரலைத் தொட்டுத் தொடங்கலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் நாம் செய்வது என்ன? அச்சுப் புத்தகத்தை அப்படியே படமெடுத்துத் தளத்தில் ஏற்றிவிட்டு அதை இணையக் கல்வி என்கிறோம். கருவி மாறியும் அரிச்சுவடி மாறவில்லை.

6

மூன்றாவது வாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பாடத்தைத் தலைகீழாக மாற்றினோம். இப்போது பாடநூல் அம்மம்மாதான். அவர் பேசுவதை அவள் தொலைபேசியில் இரண்டு மூன்று நிமிடம் பதிகிறாள். கேட்டுக் கேட்டுக் காதில் விழுந்தபடியே எழுதுகிறாள். பக்கத்தில் அதன் எழுத்து வடிவத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுகிறோம். 'எண்டு' என்றால் 'என்று'. 'வாறன்' என்றால் 'வருகிறேன்'. 'பேந்து' என்றால் 'பெயர்ந்து', அதாவது பிறகு. 'கெதியா வா' என்பதில் உள்ள கெதி, வேகம் எனப் பொருள்படும் 'கதி' என்பதைப் பேரகராதியைத் துழாவி அவளே கண்டுபிடித்தாள். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உரிக்கத் தெரிந்துவிட்டால் அகராதி திறந்துவிடுகிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இரண்டாம் பதிப்பிலிருந்து (2008) இலங்கை வழக்குகளையும் குறிப்போடு சேர்த்திருப்பதால் அதுவும் கைகொடுக்கிறது. ஆக, இணையமும் அகராதியும் எங்களுக்கு வேண்டாதவை ஆகிவிடவில்லை. அவை வரவேண்டிய வரிசை மாறியது. முதலில் ஒரு மனுஷியின் பேச்சு, பிறகு மற்றதெல்லாம்.

இதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி இணையத்தில் ஏற்றலாமே என்று உற்சாகத்தில் சொன்னேன். அவள் அம்மம்மாவிடம் கேட்டாள். 95ஆம் ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் காலியானபோது நடந்துபோனதைச் சொன்ன பதிவுதான் எங்களிடம் இருப்பதிலேயே நீளமானது, நல்ல தமிழ் உள்ளது. அதைக் கேட்டதும் அம்மம்மா வேண்டாம் என்றுவிட்டார். 'அது உனக்குச் சொன்னது. ஊருக்குச் சொன்னதில்லை.' ஒடியல் கூழ் காய்ச்சுவதைச் சொன்னதை வேண்டுமானால் போடலாமாம்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எல்லாவற்றையும் தரவாக, பாடப் பொருளாகப் பார்க்கிற வாத்தியார் புத்தி அத்தனை சீக்கிரம் போகுமா? பேச்சை அரிச்சுவடி விழுங்குவதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நானும் அதை விழுங்கத்தான் பார்த்தேன். பேச்சுத் தமிழ் வளங்கள் இணையத்தில் பெருக வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்தில்லை. யார் பேச்சு, யார் அனுமதியோடு, யாருக்காக என்பதைக் கேட்காமல் அவை பெருகுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பெண்ணின் நோட்டில் முதல் பக்கத்தில் மூன்று சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அவ - அம்மம்மா. அவங்க - சினிமா. அவிய - சேரின்ர அம்மா. 'சேர்' என்பதை நான் திருத்தவில்லை.